பாரதத்தைக் குறைக்காதீர்கள்: திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், விழாக் குழுவில் ஓடியாடி வேலை செய்யும் தம்பிகளுக்கும் வணக்கம்.

செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், காஞ்சிபுரம் என்று நம் பக்கத்து ஊர்களில் அக்னி வசந்த விழா (பாரதக் கதையோடு தீமிதியும் சேர்ந்த திருவிழா) நோட்டீஸ் கைக்கு வந்தால், பிரசங்கம் எத்தனை நாள், கூத்து எத்தனை ராத்திரி என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். சில வருடங்களாக அந்த இரண்டும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. பதினெட்டு நாள், இருபது நாள் என்று நடந்த பாரதப் பிரசங்கம் பத்து நாளாகி, சில ஊர்களில் மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. பத்து ராத்திரி நடந்த கூத்து, அர்ச்சுனன் தபசும் பதினெட்டாம் போரும் மட்டும் என்று ஆகியிருக்கிறது. மிச்ச ராத்திரிகளில் ஆர்க்கெஸ்ட்ரா, பட்டிமன்றம், எல்இடி திரையில் சினிமா. தீமிதிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. வாணவேடிக்கையும் சீரியல் லைட்டும் வருடா வருடம் பெருகுகின்றன.

நான் கேட்பது ஒன்றுதான். கதையைக் குறைக்காதீர்கள். பணம் போதவில்லையென்றால் வாணத்தைக் குறையுங்கள், லைட்டைக் குறையுங்கள். பாரதத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வசூலிப்பது லேசான காரியமா? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு வேலையில் இருக்கிறார்கள். தீமிதி அன்றைக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே பெரிய பாடு. விடியவிடிய உட்கார்ந்து கூத்து பார்க்க ஆள் இல்லை, நாற்பது ஐம்பது கிழவர்களுக்காக எதற்கு இவ்வளவு செலவு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டால் பதில் சொல்லச் சிரமமாகத்தான் இருக்கும். அதோடு இன்னொரு கேள்வியும் வரும். எல்லாருக்கும் தெரிந்த கதைதானே, அதைப் போய் இருபது நாள் என்னத்தைச் சொல்வது?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். மற்றவற்றுக்கு வழி கண்டுபிடித்துவிடலாம்.

தெரிந்த கதைதான், சரி. 1988இலிருந்து 1990 வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் மகாபாரதம் வந்தபோது, இந்தி ஒரு வார்த்தை தெரியாத நம் ஊர்ப் பெண்கள் டிவி இருக்கிற வீட்டுத் திண்ணையில் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். பீஷ்மர் வாயைத் திறந்தாலே என்ன பேசுகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது? பிரசங்கம் கேட்ட காது. வருடா வருடம் சித்திரை வைகாசியில் பந்தலில் உட்கார்ந்து வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதம் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விதுரன் ஏன் வில்லை முறித்தான், அரவான் எதற்காகக் களப்பலிக்கு ஒத்துக்கொண்டான், தருமர் எந்த இடத்தில் பொய் சொன்னார் என்று கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். அதோடு நிற்காது. தருமர் செய்தது சரியா தப்பா என்று களத்துமேட்டில் சண்டையே நடக்கும்.

இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அந்த ஊர்க் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் படிக்க என்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. விளக்குக்கு எவ்வளவு, பூசைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்போதே கதை சொல்லவும் ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டிப் போனவர்களும் இதை விட்டுவிடவில்லை. இலங்கையில் பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதி அம்மனுக்குப் பாரதத்தோடு சேர்த்துத்தான் தீமிதி. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் ஐப்பசியில் நடக்கும் தீமிதிக்கும் முன்னால் பாரதம் உண்டு.

ஏன் இப்படிச் சேர்த்தே வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மதியம் பிரசங்கியார் சொல்கிற கதையை ராத்திரி கூத்து ஆடிக் காட்டும். ராத்திரி கூத்தில் நடந்தது மறுநாள் தெருவில் நடக்கும். பகாசுரன் கதை வந்தால் பீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் போடுவார்கள். அர்ச்சுனன் தபசு வந்தால் மைதானத்தில் நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவான். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி இருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவன் போடுகிற எலுமிச்சம்பழத்தையும் வில்வத்தையும் மடியேந்தி வாங்குவார்கள். சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்டுப் போனவன் அர்ச்சுனன். பிள்ளை கேட்டு நிற்பவள் நம் பக்கத்து வீட்டுப் பெண். அவனுடைய தவமும் இவளுடைய தவமும் ஒரே மரத்தில் நடக்கின்றன. பன்னிரண்டு வருட வனவாசத்தை இருபது நாள் கேட்டு வந்தவளுக்குத்தான் அந்தப் பழம் பழமாக இருக்கும். நேற்றுவரை ஆர்க்கெஸ்ட்ரா கேட்டுவிட்டு இன்றைக்கு மரத்தடிக்கு வருபவளுக்கு அது என்னவாக இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

படுகளமும் அப்படித்தான். மண்ணால் துரியோதனனை அவ்வளவு நீளத்துக்குப் படுக்க வைக்கிறீர்கள். பீமன் தொடையில் அடிக்கிறான், உள்ளே வைத்த குங்குமத் தண்ணீர் சிவப்பாகப் பாய்கிறது, திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிறாள். அது வரைக்கும் கைதட்டி ஆரவாரம் செய்த கூட்டம், பெருந்திருவாள் வந்து புருஷன் தலைமாட்டில் விழுந்து ஒப்பாரி வைக்கும்போது அவளோடு சேர்ந்து அழும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அத்தையிடம் கேட்டேன். கெட்டவன்தானே செத்தான், எதுக்கு அழுற? அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “அவன் கெட்டவன்டி, அவ என்னா பண்ணா?” எதிரி வீட்டுப் பெண்ணுக்காக அழுவதை எங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. படுகளத்தில் கற்றோம். அழுது முடித்த பிறகுதான் எல்லோரும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெல் குதிரில் போட்டு வைப்பார்கள். அன்று சாயங்காலம் தீமிதி. நெருப்பில் இறங்குகிறவன் அந்த அழுகையைக் கடந்து வருகிறவன். கதையை எடுத்துவிட்டு நெருப்பை மட்டும் வைத்தால், சூடு தாங்குகிறானா இல்லையா என்று பார்க்கிற வேடிக்கையாக அது ஆகிவிடும்.

திரௌபதியின் துகிலை உரியும் கதை ஆடுகிற துகில் ராத்திரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிறைய ஊர்களில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். பகடை துகில் ஆட அரை ராத்திரி போதாது. சூதாட்டமே நாலு மணி நேரம் இழுக்கும், ஆள் தூங்கிவிடுகிறார்கள் என்கிறீர்கள். இழுக்கட்டும் ஐயா. தருமர் ஒவ்வொன்றாக வைத்துத் தோற்பதை நாமும் உட்கார்ந்து பார்த்தால்தான், நாடு போச்சு, தம்பிகள் போனார்கள், இன்னும் எழுந்து வராமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று வயிறு எரியும். குடித்தே வீட்டை அழித்தவனைக் கட்டிக்கொண்ட பெண்கள் அந்தக் களரியில், கூத்து ஆடுகிற இடத்தைச் சுற்றி, உட்கார்ந்திருக்கிறார்கள். ஆன்லைன் ரம்மியில் மொத்தச் சம்பளத்தையும் விட்ட பிள்ளையைப் பெற்றவர்களும் இப்போது உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாலு மணி நேரம் நீளமாகத் தெரியாது.

அப்புறம் துச்சாதனன் வருவான். நான் பார்த்த ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், துச்சாதன வேஷக்காரர் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் திரும்பி நின்றார். தாளம் நின்றது. ஒருவர் தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். துச்சாதனன் அதை வாங்கித் திரௌபதி வேஷத்துக்குக் காட்டி, கிரீடத்தோடு அப்படியே தரையில் விழுந்தார். ‘தாயே, இது நாடகம், என் மேல் குற்றம் வைக்காதே’ என்றார். திரௌபதியாக நின்றவர் ஆண். பகலில் அவர் நெசவுத் தறியில் உட்காருகிறவர் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. முன்வரிசையில் இருந்த கிழவிகள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பிறகு முகவீணைக் குழல் எடுத்த எடுப்பில் புடவையை இழுத்தான் பாருங்கள், கூட்டத்தில் இருந்து ஒரு பெண் கத்திக்கொண்டு எழுந்தாள். சாமி வந்துவிட்டது. அவளைப் பிடித்துத் திருநீறு பூசி உட்கார வைக்கும் வரை கூத்து நின்றது. இதற்கு ஒத்திகை கிடையாது.

திரௌபதி சபையில் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு என்ன உரிமை? பீஷ்மர் பதில் சொல்லவில்லை. துரோணர் பதில் சொல்லவில்லை. ஒரு பெண் கேட்ட நியாயத்துக்கு முன்னால் ஒரு சபையே வாயடைத்துப் போனதை, ஊர் கூடி, குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து, சாமி முன்னால் பார்க்கிற ராத்திரி அது. அதை எடுத்துவிட்டு வேறு எதை வைத்து அந்த இடத்தை நிரப்பப் போகிறீர்கள்?

சினிமாவோடு எனக்குச் சண்டை இல்லை. சினிமா பார்த்து அழுதவள்தான், சினிமா பார்த்துத் தைரியம் வாங்கியவள்தான் நானும். டூரிங் டாக்கீஸில் அம்மன் படம் ஓடும்போது மணல் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அருள் வந்து ஆடியதை எங்கள் அம்மா கதைகதையாகச் சொல்வாள். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்க்காலில் சாய்ந்து கிடக்கும் சிவாஜியை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2012இல் அதை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். நம் கர்ணன் பக்தியில் பாதி அந்தப் படம் போட்ட விதை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். (கர்ணன் பெண்டாட்டி படத்தில் சுபாங்கி, நம் கூத்தில் பொன்னுருவி. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பொன்னுருவி வராத கர்ணன் கதை ஏதோ குறைகிற மாதிரிதான் இருக்கும். குலம் பார்த்துப் புருஷனைத் தொடாமல் இருந்தவள், அவன் சண்டைக்குப் புறப்படும் ராத்திரி மனம் மாறி அழும் இடம் அப்படிப்பட்டது.)

ஆனால் எங்கள் அப்பா இறந்தபோது நாங்கள் தேடிப் போனது கூத்தைத்தான். காரியத்துக்கு முந்தின ராத்திரி வீட்டு வாசலில் கர்ண மோட்சம் வைத்தோம். நம் பக்கத்தில் அது வழக்கம்தானே. ஜமாவை நடத்துகிற கூத்து வாத்தியார் சாயங்காலமே வந்து, அப்பா பேர் என்ன, அவருடைய அப்பா பேர் என்ன என்று விசாரித்துக்கொண்டு போனார். அப்பா கடன் கொடுத்தே கெட்டவர். கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல மாட்டார், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். இதற்காக அம்மா அவரோடு போடாத சண்டை இல்லை. செத்த அன்றைக்குக்கூட அம்மா அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

விடியற்காலை நாலு மணி இருக்கும். கர்ணன் விழுந்துவிட்டான். அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்தில் ஓடியிருந்தது, ஒரு பக்கத்துப் புஜக்கட்டை அவிழ்ந்து தொங்கியது. கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து தானம் கேட்கிறார். கொடுக்க ஒன்றும் இல்லையே என்கிறான் கர்ணன். நீ செய்த புண்ணியம் இருக்கிறதே, அதைக் கொடு என்கிறார். கர்ணன் மார்பில் பாய்ந்த அம்பை அசைத்து, அந்த ரத்தத்தையே நீராக வார்த்து எல்லாவற்றையும் கொடுக்கிறான். என்ன வரம் வேண்டும் என்றால், இன்னொரு பிறவி இருந்தால் அப்போதும் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத மனசு வேண்டும் என்கிறான். அம்மா பக்கத்தில் இருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டு, “பாரு, சாவப்போற நேரத்துலயும் இதத்தான் கேக்குறான், உங்கப்பன் புத்தி” என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். நாற்பது வருடக் கோபம் அந்த அழுகையில் கரைந்தது. கர்ணன் மோட்சம் போகும்போது வாத்தியார் பாட்டுக்குள்ளே எங்கள் அப்பா பேரையும் எடுத்துச் சேர்த்தார். அதன் பிறகு அம்மா ஒரு நாளும் அவரைக் குறையாகப் பேசிக் கேட்டதில்லை.

படத்தில் கர்ணன் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாகிறான். அன்று எங்கள் வாசலில் எங்கள் அப்பாவாகச் செத்தான். கூத்தில்தான் இது நடக்கும். ஆடுகிறவருக்கு நம் வீட்டுக் கதை தெரியும், அவருடைய மூச்சு நமக்குக் கேட்கும், நாம் அழுதால் அவர் பாட்டை நீட்டுவார். எந்தத் திரையும் நம்மைப் பார்த்துக் கதையை நிறுத்தாது. உங்கள் எல்இடி திரையை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மற்ற நாட்களில் தாராளமாகப் படம் போடுங்கள், நானும் வந்து உட்காருகிறேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

போலீஸ் அனுமதி பெரிய தலைவலி என்பது உண்மை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது; 2010 திருத்தத்துக்குப் பிறகு வாத்தியங்களும் அதில் அடக்கம். திருவிழாக்களுக்கு வருடத்தில் மொத்தம் பதினைந்து நாளுக்கு மிகாமல் பன்னிரண்டு மணி வரை அரசு சலுகை தரலாம். ஆனால் புகாரைக் கிளப்புவது ஒலிபெருக்கிதான். நம் தாத்தா காலத்தில் மைக் ஏது? தீப்பந்த வெளிச்சத்திலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் ஆடினார்கள். பின்பாட்டுக்காரர்கள் தொண்டையும் முகவீணையும் மிருதங்கமும் ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது. அந்தக் குரல் கட்டே அதற்காகப் பழக்கியதுதான். இன்றைக்கு ரேடியோ செட்காரர் நாலு தென்னை மரத்தில் குழாய் கட்டி அலறவிடுகிறார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் கிழவரும் அவதிப்படுகிறார்கள், புகார் போகிறது, பழி கூத்தின் தலையில் விழுகிறது. பத்து மணியோடு குழாயை அவிழ்த்துவிடுங்கள். மைக் இல்லாமல் ஆடத் தெரியுமா என்று வாத்தியாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மலரும். ஜனங்களைக் கிட்டத்தில் உட்காரச் சொல்லுங்கள். களரியை ஆளுயர மேடை மேல் ஏற்றாதீர்கள், தரையிலேயே வையுங்கள். கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் கூட்டத்துக்குள் இறங்கித் தூங்குகிறவனைத் தட்டி எழுப்பிக் கேலி பண்ண முடியாத கூத்து என்ன கூத்து? அப்படியும் ஆய்வாளர் மறுத்தால், ஊரார் கையெழுத்தோடு போய்க் கோட்டாட்சியரைப் பாருங்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எத்தனை தடவை ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறீர்கள்.

ஷிப்டு போகும் பிள்ளைகளுக்காக ஒரு யோசனை. பதினெட்டு நாள் பிரசங்கத்தை மதியம் வைத்தால் அவர்கள் கேட்க முடியாதுதான். ஏழு மணிக்கு வையுங்கள், ஒன்றரை மணி நேரம் போதும். பிரசங்கியார் விருத்தத்தைப் பாடி, நம் பேச்சில் பொருள் சொல்லி, ஊர் நடப்பைக் கொஞ்சம் இழுத்து வைத்துப் பேசுவார். இருபது வயதுப் பையன்கள் கேட்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மணிக்கணக்கில் செல்போனில் தொடர் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குக் கதைப் பசி இருக்கிறது.

அடுத்தது சொல்லக் கஷ்டமான விஷயம். சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பட்டியல் சமூகத்தார் வரக்கூடாது என்று எழுந்த தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு அந்த மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். மேல்பாதி பேப்பரில் வந்தது. பேப்பரில் வராத ஊர்கள் எத்தனை என்று இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும். வரி வாங்க மாட்டோம், களரியில் அந்தக் கோடியில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம், தீக்குழியில் இறங்கக் கூடாது என்று எத்தனை கட்டுப்பாடு.

பாரதத்தில் இளவரசர்கள் கற்ற வித்தையைக் காட்டும் அரங்கேற்றத்தன்று கர்ணன் வில்லோடு வந்து நிற்கிறான். உன் குலம் என்ன என்று கேட்டு அவன் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அப்போது, கற்றவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் வீரர்களுக்கும் அரசர்களுக்கும் ஞானிகளுக்கும் சாதி ஒன்றுதான், அதில் உயர்வு தாழ்வு இல்லை என்று துரியோதனன் வாயால் சொல்ல வைக்கிறார் வில்லிபுத்தூரார். உங்கள் பந்தலில் பிரசங்கியார் வருடா வருடம் பாடுகிற பாட்டு அது. அந்தப் பாட்டைப் பாடவிட்டு, கேட்க வந்தவனைக் குலம் கேட்டு ஓரமாக நிறுத்தினால், அம்மன் யார் பக்கம் இருப்பாள்? விழாக் குழுக் கூட்டத்தில் நாலு பேர் முறைப்பாகப் பேசும்போது மற்றவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மனசில் நியாயம் தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள். பீஷ்மர் சபையில் பேசாமல் இருந்ததற்கு என்ன நடந்தது என்று இருபது நாள் கேட்டவர்கள் நீங்கள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா. எல்லாத் தெருவும் வரி கொடுக்கட்டும், எல்லாத் தெருவும் முன்வரிசையில் உட்காரட்டும், எல்லாத் தெருவிலும் பீமன் வண்டி வரட்டும்.

கடைசியாக ஆடுகிறவர்களைப் பற்றி. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெரிய வாத்தியார்கள் வாழ்ந்த மண் இது. அவரைப் பார்த்துத்தான் ந. முத்துசாமி போன்ற சென்னை எழுத்துக்காரர்கள் நாடகம் என்றால் என்ன என்று மறுபடி யோசித்தார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தார் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். இப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால் எங்கே தங்குகிறார்கள் தெரியுமா? பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில். நாலு மணிக்கே உட்கார்ந்து தன் முகத்துக்குத் தானே அரிதாரம் எழுதிக்கொள்கிற மனிதருக்கு ஒரு நல்ல பல்பு கூட இருக்காது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர் முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் மைக்கைத் தொடுகிறார். கூத்து ஜமாவுக்கு விடிந்த பிறகு, வசூல் கொஞ்சம் குறைந்துவிட்டது வாத்தியாரே, மிச்சத்தை அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்கிறீர்கள். விடியவிடிய ஆடிய அலுப்பில், அடுத்த ஊருக்கு வேன் பிடிக்கிற அவசரத்தில், அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். ஆடி ஆவணிக்கு மேல் அவருக்கு ஆட்டம் கிடையாது. தறிக்கோ கழனிக்கோ போக வேண்டும்.

பேசிய பணத்தைக் கர்ணன் விழுவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். பூட்டுப் போட்ட ஒரு அறை, ஒரு மின்விசிறி, பெண் கலைஞர்கள் வந்தால் அவர்களுக்குத் தனியாக ஓர் இடமும் கழிப்பறையும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சூடாக ஏதாவது சாப்பாடு. இதற்கெல்லாம் ஒரு வாணத்தின் விலைகூட ஆகாது. தை பிறந்ததும் நல்ல ஜமாக்களுக்குத் தேதி நிரம்பிவிடும். ஆகவே பங்குனிக் கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே வாத்தியார் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, துகிலையும் கர்ண மோட்சத்தையும் சேர்த்துப் பத்து ராத்திரிக்கும் அச்சாரம் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டுப் பங்கு என்னவென்று சொல்லி அனுப்பினால், வரிக்கு மேல் ஒரு ராத்திரிச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செய்யாறு பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி